வகுப்பறை சுதந்திரமானது, கல்லூரி யாருடையது?

சிங்கப்பூரில் இருந்த யேல்-என்.யு.எஸ். கல்லூரியில் 2021 ஆகஸ்ட் 27 அன்று ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வகுப்புக்கு வரத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இனிப் புதிய சேர்க்கை கிடையாது, இப்போது சேர்ந்திருப்பவர்கள் 2025இல் பட்டம் வாங்கியதும் கல்லூரி மூடப்படும் என்று அறிவித்தார்கள். தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகவும், உலக விவகாரங்களைத் தனிப் பாடமாகவும் சொல்லிக்கொடுத்த கல்லூரி அது. அதிகாரத்தில் இருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு மாணவர்களுக்குக் கிடைத்த முதல் செய்முறை வகுப்பு அந்தக் கூட்டம்தான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2011இல் கைகோத்துத் தொடங்கிய கல்லூரி இது. 2013இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டியிருந்தது. மொத்தமே ஆயிரம் பேருக்குத்தான் இடம் இருந்தது.

அங்கே படிப்பு நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசியல் படிக்க வந்தவரும் இயற்பியல் படிக்க வந்தவரும் முதலில் ஒரே பொதுப் பாடத்திட்டத்துக்குள் போயாக வேண்டும். இலக்கிய வகுப்பில் ராமாயணமும் ஹோமரின் ஒடிசியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அரசியல் சிந்தனை வகுப்பில் பிளேட்டோவோடு கன்ஃபூசியஸும் மென்சியஸும் வந்தார்கள். ஆள்பவன் தவறினால் குடிகள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குக் கிரேக்கத்திலும் சீனத்திலும் கிடைத்த பதில்களைப் பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து அலசினார்கள். அரசியலமைப்புப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதை அரசியல் படிப்பு என்று பழகிவிட்ட நமக்கு இது பொறாமை தரும் ஏற்பாடு.

ஆனால், இந்த மேசை போடப்பட்டிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. சிங்கப்பூரில் குடிமை உரிமைகளுக்கு உள்ள நிலையைப் பற்றிக் கவலை தெரிவித்து, யேல் பேராசிரியர்கள் 2012லேயே தீர்மானம் போட்டார்கள். வகுப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் வளாகத்தில் ஆர்ப்பாட்டமோ கட்சிக் கிளையோ கூடாது என்பது அதே ஆண்டில் தெளிவாகிவிட்டது. கல்லூரியின் முதல் தலைவர் பெரிக்ளிஸ் லூயிஸே அதைச் சொன்னார்.

அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின. நாடு கடந்து வாழும் சிங்கப்பூர் அரசியல் எதிர்ப்பாளர்களைப் பற்றி டான் பின் பின் எடுத்த ஆவணப்படத்தை 2014இல் பொதுமக்களுக்குத் திரையிட அனுமதி மறுத்தார்கள். கல்வி நிறுவனங்கள் படிப்புக்காகத் திரையிடத் தடையில்லை என்றார்கள். கல்லூரியும் திரையிட முன்வந்தது; ஆனால், இயக்குநர் அப்போது ஒப்புதல் தரவில்லை. ஊர் பார்க்கக் கூடாத படத்தை ஒரு கல்லூரிக்குள் மட்டும் காட்டும் சலுகை யாருக்குப் பெருமை? வேலி போட்ட சுதந்திரம் என்பதன் சரியான வடிவம் அது.

அடுத்தது 2019. சிங்கப்பூரில் எதிர்ப்பின் மரபு பற்றி நாடகாசிரியர் அல்ஃபியான் சாஅத் நடத்தவிருந்த ஒரு வாரப் பயிற்சி, தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ரத்தானது. மாணவர்கள் பதாகை எழுதிப் பழகுவதும் ஹொங் லிம் பூங்காவுக்குப் போவதும் திட்டத்தில் இருந்தன. ஆர்ப்பாட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட அந்தப் பூங்காவில்கூட வெளிநாட்டவர் அனுமதியின்றிப் போராட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. எனவே, மாணவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டுவார்கள் என்பது கல்லூரியின் விளக்கம். பாடமாகவும் அந்தப் பயிற்சி போதுமான ஆழத்தோடு இல்லை என்றது கல்லூரி. யேல் சார்பில் லூயிஸ் விசாரித்து, கல்விச் சுதந்திரம் மீறப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங்கோ நாடாளுமன்றத்தில் அல்ஃபியானின் கவிதையையே எடுத்துப் பேசினார். ஒரு வாரப் பயிற்சிக்கு அமைச்சர் பதில் சொல்கிறார் என்றால், விஷயம் பாடத்தின் தரத்தோடு நிற்கவில்லை என்பது யாருக்கும் புரியும்.

இதனால்தான் கல்லூரியை மூடினார்களா? அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை, சொல்வதும் நியாயமில்லை. பணக் கணக்கு உண்மையாகவே இடித்தது. நன்கொடை, அரசின் இணைத்தொகை, முதலீட்டு வருவாய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 கோடி சிங்கப்பூர் வெள்ளி மூலதனம் திரட்டுவது திட்டம். அது எட்டவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் மாணவருக்கு அரசு செலவிடுவதைப் போல இரு மடங்குக்கும் மேல் இங்கே ஒரு மாணவருக்குச் செலவானது என்று 2021 செப்டம்பரில் அமைச்சர் சான் சுன் சிங் நாடாளுமன்றத்தில் விளக்கினார். 2025இல் விலகிக்கொள்ள ஒப்பந்தத்தில் வழியும் இருந்தது. முடிவைத் தேசியப் பல்கலைக்கழகம் எடுத்தது. தொடரவே விரும்பியிருப்போம் என்றது யேல். ஆசிரியர்களிடமோ மாணவர்களிடமோ முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தணிக்கையைவிடக் கவலை தர வேண்டியது இதுதான். எட்டு ஆண்டுகள் ஜனநாயகம் பற்றி விவாதித்த ஒரு சமூகத்துக்குத் தன் ஆயுள் பற்றிய முடிவில் இடமே இல்லை.

பல்கலைக்கழகத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவு புதிதும் அல்ல. யேல் என்ற பெயரே மதராஸ் காசில் வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்து, முறைகேட்டுப் புகார்களுக்கு நடுவே பதவியிழந்த எலிஹு யேல், பின்னாளில் அனுப்பிய துணிப் பொதிகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாக 1718இல் அந்த அமெரிக்கக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அரசுக்குப் பதில் தனியார் கொடையாளர்கள் நடத்தினால் நிலைமை மாறுமா? ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா 2021 மார்ச்சில் அங்கிருந்து விலகினார். தான் இருப்பது நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படலாம் என்று பதவி விலகல் கடிதத்தில் எழுதினார். 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளில் உள்ள ஐயத்துக்கிடமான போக்குகளை ஆராய்ந்த சபியசாச்சி தாஸின் கட்டுரை 2023இல் வெளியானபோது, பல்கலைக்கழகம் அவசரமாகத் தள்ளி நின்றது, அவரும் விலகினார். 2025 மே மாதம், ‘ஆபரேஷன் சிந்தூர்’ பற்றிய சமூக ஊடகப் பதிவுகளுக்காக அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அலி கான் மஹ்மூதாபாத் கைதாகி, உச்ச நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் பெற்றார். பாடத்திட்டத்தில் குறை சொல்ல இடமில்லாத பல்கலைக்கழகம்தான் அதுவும்.

சென்னைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையின் ஸ்ரீசிட்டியிலும் இப்படி ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் பிள்ளைகளை இப்படிப் பல துறைகளையும் கலந்து படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் படிப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் கூடிவருகின்றன. பெற்றோர் பாடப் பட்டியலையும் வேலைவாய்ப்பையும் மட்டும் விசாரிக்கிறார்கள். ஆட்சிக் குழுவில் ஆசிரியர்களுக்கு எத்தனை இடம், ஒரு பேராசிரியரின் ஆய்வு ஆட்சியாளருக்குப் பிடிக்காமல் போனால் நிர்வாகம் கடைசியாக என்ன செய்தது, மூடுவதென்றால் யாரைக் கேட்டு மூடுவார்கள் என்ற மூன்றையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.