வானில் ஆறு மணி, வாசலிலிருந்து எத்தனை?



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சாலைவழியே சுமார் 70 கி.மீ. அங்கிருந்து ஜித்தா, வான்வழி நேர்கோட்டில் ஏறத்தாழ 4,300 கி.மீ. சென்னையிலிருந்து கணக்கிட்டால் சுமார் 4,450 கி.மீ. இரண்டுக்கும் வேறுபாடு 150 கி.மீ.; விமானத்துக்கு அது பன்னிரண்டு நிமிடப் பறப்பே. இரு வழியிலும் பயணம் ஆறு மணி நேர அளவுதான். எங்கு ஏறினால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

தக்கலையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வாழும் முதிய ஹாஜிக்கு அது அத்துணை எளிய கேள்வியன்று. மேற்கே உள்ள மக்காவை நாடும் அவர், நம் மாநிலத்தின் ஹஜ் புறப்பாட்டு நிலையமான சென்னையை அடைய, முதலில் வடகிழக்கே சுமார் 700 கி.மீ. ஓர் இரவு முழுதும் ரயிலில் செல்கிறார். வானில் கழியும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரம் இருமடங்காகிறது.

2022-இல் சென்னைக்குப் பதிலாகக் கொச்சியிலிருந்து தமிழக ஹாஜிகள் புறப்பட நேர்ந்தது. வடமாவட்டத்தார் பட்ட சிரமம் பெரிது. ஆதலின் 2023-இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமானது முற்றிலும் நியாயமே. ஆயினும் சுமார் 300 கி.மீ. தொலைவிலுள்ள கொச்சி நம் மாவட்டத்தாருக்குச் சென்னையைவிட அண்மையில் இருந்தது என்பதும் உண்மை. மாநில எல்லை ஒன்று; மனிதனின் களைப்பு வேறொன்று. கேரளத்தில் கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர் ஆகியவை ஹஜ் புறப்பாட்டு நிலையங்கள். திருவனந்தபுரம் அவற்றில் இல்லை. விமானம் நிறையும் அளவுக்கு ஹாஜிகளும், அவர்கள் தங்க முகாமும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தென்கோடி மக்களையும் தென்கேரளத்தாரையும் சேர்த்தெண்ணிப் பரிசீலிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மார்க்கமும் பயணத்தை வீட்டுவாசலை ஒட்டியே கணக்கிடுகிறது. தொழுகையைச் சுருக்கும் சலுகைக்கு ஏறத்தாழ 80 கி.மீ. என்பது பலரும் கொள்ளும் அளவு. இமாம்களின் கணக்கில் கூடுதல் குறைவு உண்டு. உறவினரை வழியனுப்ப நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை மட்டும் செல்பவருக்கு அவ்வளவின்படி சலுகை இல்லை. ஜித்தாவை நாடிப் புறப்பட்டவரோ, தம் ஊரெல்லையைக் கடந்ததுமே பயணியாகிறார். விமானம் விரைந்து செல்வதால் அச்சலுகை நீங்குவதுமில்லை.

அந்த விரைவில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1995-இல் ஹஜ் கப்பல் பயணம் நின்றது. கப்பலில் சென்ற முன்னோருக்கு, இஹ்ராமுக்கு ஆயத்தமாகப் பல நாட்கள் இருந்தன. மணிக்கு 800 கி.மீ. செல்லும் விமானமோ நிமிடத்துக்குப் பதின்மூன்று கி.மீ. கடக்கிறது. ஜித்தாவில் இறங்குமுன்னரே மீக்காத் எல்லை கடந்துவிடும். கண்ணயர்ந்து நிய்யத்தின்றி அதைத் தாண்டி, திரும்பிச் செல்லாமல் இஹ்ராம் பூண்டவர் மீது பரிகாரப் பலி கடமையாகும்.

எனவே, நேராக மக்கா செல்வோர் வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் ஆடையை அணிந்துகொள்ளுங்கள். மீக்காத் நெருங்குவதாக அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா முழங்குங்கள். முதலில் மதீனா செல்வோர், அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் பூணலாம். முதியோருடன் செல்லும் பிள்ளைகளே, பயணச்சீட்டிலுள்ள ஆறு மணி நேரத்தை மட்டும் பாராதீர்கள். அவர்கள் வாசற்படி இறங்கும் நேரத்திலிருந்து எண்ணி, இடையே இளைப்பாற ஒரு நாளேனும் ஒதுக்குங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் ஹாஜிகளின் பயணத்தை எளிதாக்கி, ஏற்றருள்வானாக! ஆமீன்.