போர்டைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில்தான் அப்பாவும் படுக்கிறார். சென்ற மே மாதம் அந்த அறையின் ஸ்பிளிட் ஏசி மக்கர் செய்தது. ரிமோட்டில் 24 டிகிரி வைத்திருந்தோம். அறையிலோ 30 டிகிரி புழுக்கம். ஆனாலும் கம்ப்ரசர் சில நிமிடங்களில் நின்றுவிடும். வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு சார், 6,500 ரூபாய் ஆகும்" என்றார்.

மனம் ஒப்பவில்லை. தி.நகரிலிருந்து இன்னொருவரை அழைத்தோம். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். ரூம் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்ட்டி மீட்டரை வைத்தார். 8 கிலோ ஓம் காட்டியது. "சென்சார் நல்லாத்தான் இருக்கு சார், இங்க பாருங்க" என்று கனெக்டரைக் காட்டினார். பின்களில் பச்சைக் களிம்பு. கடற்காற்று செய்த வேலை. சுத்தம் செய்து மாட்டியதும் ஏசி ஒழுங்காக ஓடியது.

இது எப்படி? பழைய விண்டோ ஏசிகளில் குமிழைத் திருப்பும் தெர்மோஸ்டாட் இருந்தது. ஸ்பிளிட் ஏசியில் அந்த வேலையைச் செய்வது தெர்மிஸ்டர் என்ற சிறு சென்சார். சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 8. களிம்பு ஒரு 4 கிலோ ஓம் சேர்த்துவிட்டால் மொத்தம் 12. உடனே போர்டு அறை 21 டிகிரிக்கு வந்துவிட்டதாக எண்ணி கம்ப்ரசரை நிறுத்திவிடும். போர்டு தவறு செய்யவில்லை. அதற்குக் கிடைத்த தகவல்தான் தவறு.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பீப் ஒலி மட்டும் வந்து திரை இருண்டிருந்தால் "மதர்போர்டு போச்சு" என்பார்கள். ராமைக் கழற்றி, தூசி தட்டி மீண்டும் பொருத்தினால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என் கருத்து இதுதான். எந்த மெக்கானிக் வந்தாலும் "அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. பணம் கொடுப்பவரின் உரிமை. நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார். ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்ட்டி மீட்டர் வாங்கி வைத்து, பேட்டரி செல்லை அளந்து பழகுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏசியை நீங்களே திறக்க வேண்டாம். மெயினை அணைத்த பின்னும் வெளி யூனிட்டின் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கை வைப்பது மெக்கானிக்கின் வேலை. கேள்வி கேட்பது நம் வேலை.