கையின் குற்றம் மட்டுமா?

வாய் ஒன்று சொன்னது. கை வேறொன்று செய்தது. ஓர் உயிர் போயிற்று.

2021 ஏப்ரல் 11. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் புரூக்ளின் சென்டர் என்ற ஊர். காரில் வந்த டான்டே ரைட் என்ற 20 வயது கருப்பின இளைஞனைப் போலீசார் நிறுத்துகிறார்கள். காரின் பதிவு காலாவதியாகிவிட்டது என்பது காரணம். விசாரித்ததில் அவன்மீது பிடிவாரண்டு இருப்பது தெரிகிறது. கைது செய்ய முனைகிறார்கள். இளைஞன் திமிறிக் காருக்குள் பாய்கிறான். கிம் பாட்டர் என்ற பெண் அதிகாரி, 26 ஆண்டு அனுபவம் உள்ளவர், "டேசர்! டேசர்! டேசர்!" என்று கத்துகிறார்.

டேசர் என்பது மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை மடக்கும் கருவி. ஆனால் அவர் கையில் இருந்தது டேசர் அல்ல, குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. விசையை அழுத்தினார். இளைஞன் மாண்டான்.

டேசரின் நிறம் மஞ்சள். துப்பாக்கியின் நிறம் கறுப்பு. எடையிலோ துப்பாக்கி இரண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கி வலது இடுப்பில்; டேசர் இடது இடுப்பில். இத்தனை வேற்றுமை இருந்தும் மாறிப் போகுமா, நம்பும்படியாகவா இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஏனென்றால், கையால் பிழைப்பவர்கள் நாம். கையின் குணம் நமக்குத் தெரியும்.

பஸ் ஓட்டும் தோழர் பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தா மிதிக்கிறார்? லேத்தில் நிற்கும் தோழர் கைப்பிடியைத் தேடியா பிடிக்கிறார்? பல்லாயிரம் முறை செய்த வேலை; கண் வேறெங்கோ இருக்கும், கை தானே போகும். சுத்தியலை வழக்கமான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள். கை பழைய இடத்துக்கே போய் வெறுங்காற்றைப் பிடிக்கும். புது வண்டியில் ஏறிய டிரைவர் விளக்கைப் போட நினைத்துத் துடைப்பானைப் போடுவதும் இதனால்தான்.

இதைத் தசை நினைவு என்கிறார்கள். உண்மையில் தசைக்கு நினைவு கிடையாது. திரும்பத் திரும்பச் செய்த செயலை மூளைதான் பதித்து வைத்துக்கொண்டு, நாம் எண்ணுவதற்கு முன்பே கையை ஏவுகிறது. எதைப் பதித்தோமோ, அதையே அது திருப்பித் தரும். சரியானதைப் பதித்தால் சரியானது. கோணலைப் பதித்தால் கோணல்.

துப்பாக்கிப் பயிற்சி தருவோர் இதை நன்றாக அறிவார்கள். ஆகவேதான், உறையை இன்று இடுப்பிலும் நாளை தோளிலும் மாற்றாதே. எந்த பெல்ட்டோடு வேலைக்குப் போகிறாயோ அதே பெல்ட்டோடு பயிற்சி செய். மாற்றுத் தோட்டாக்களை என்றும் ஒரே இடத்தில் வை. குண்டில்லாத துப்பாக்கியை நூறு நூறு முறை எடுத்துப் பழகு என்று வற்புறுத்துகிறார்கள். ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும், விரல் நடுங்கும். யோசிக்க நேரமிராது. அந்த நொடியில் மிஞ்சுவது பழக்கம் ஒன்றுதான்.

சரி, அப்படியானால் கேள்வி இதுதான். ஒரே இடுப்பில் இரண்டு கருவிகளைக் கட்டுகிறார்கள். இரண்டிற்கும் பிடி உண்டு, விசை உண்டு. ஒன்று உயிர் வாங்குவது. மற்றொன்று உயிர் வாங்காமல் மடக்குவதற்கென்று கொடுத்தது. துப்பாக்கியை உருவும் பழக்கம் பல ஆண்டுகளாக ஏறியது. டேசரை உருவும் பழக்கம் அதற்குச் சமமாக ஏறவில்லையென்றால், பதறும் நேரத்தில் கை எங்கே போகும்? இதைக் கேட்க வேண்டியது யாரை? கையை மட்டுமா, அந்தக் கையைப் பழக்கியவர்களையுமா?

இந்தக் கேள்வி புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் போர் விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிறு தேய விழுந்தன. இறக்கையின் மடிப்பை உள்ளிழுக்க வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்! 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் அதை ஏற்கவில்லை. விமானத்துக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. வேறு மாதிரி அமைந்த சி-47 விமானத்தில் இந்தத் தவறு நேரவில்லை. சக்கரத்து விசைக்குச் சக்கர வடிவமும், இறக்கை விசைக்கு இறக்கை வடிவமும் கொடுக்கச் செய்தார். தொட்டாலே தெரியும் வேற்றுமை! இன்றும் பயணிகள் விமானங்களில் அந்தப் பிடிகள் அந்த வடிவங்களில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆளைத் திட்டியதால் வந்த மாற்றமா இது? இல்லை, அமைப்பைத் திருத்தியதால் வந்தது.

விமானத்துக்குக் கிடைத்த அக்கறை வீதியில் போகிறவன் உயிருக்குக் கிடைத்ததா?

2009 ஜனவரி 1 அதிகாலை, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஃபுரூட்வேல் ரயில் நிலையத்தில், குப்புறக் கிடந்த ஆஸ்கார் கிராண்ட் என்ற 22 வயது இளைஞனின் முதுகில் ரயில்வே போலீஸ்காரர் சுட்டார். டேசரை எடுப்பதாக நினைத்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2015 ஏப்ரலில் துல்சா நகரில், 73 வயதுத் தொண்டர் போலீஸ்காரர் ஒருவர் டேசர் என்று கூவிவிட்டுக் கைத்துப்பாக்கியால் எரிக் ஹாரிஸ் என்பவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு 2021இல் டான்டே ரைட். செத்த மூவரும் கருப்பின ஆண்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சாவுக்கும் மூன்றாம் சாவுக்கும் இடையே 12 ஆண்டுகள். ஒரு தடவை நேர்ந்தால் தவறு. மூன்று தடவை நேர்ந்தால் அதற்குப் பெயர் அலட்சியம்.

சுட்டவர்கள் மூவரும் குற்றவாளிகள் என்றே தீர்ப்பாயிற்று. கிம் பாட்டருக்கு 2022 பிப்ரவரியில் இரண்டாண்டுத் தண்டனை. அது சரியே. கை தவறியது என்பது மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஆயுதம் ஏந்துகிறவனுக்குக் கண் இருக்கிறது, எடை அறியும் உள்ளங்கை இருக்கிறது. அழுத்துமுன் அறிய வேண்டிய கடமையும் இருக்கிறது. பழக்கத்தைச் சொல்லிப் பழியைக் கழற்றிவிட நாம் இடம் தரமாட்டோம்.

ஆனால் தீர்ப்பு விழுந்ததோடு கணக்கு முடிந்ததா? பயிற்சிக்குத் திட்டம் போட்டவர் கூண்டில் ஏறினாரா? பட்டறையில் ஒருவன் விரல் போனால், 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு, காவல் மூடியில்லாத இயந்திரத்தை அப்படியே ஓடவிடும் முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நாம் என்ன கேட்கிறோம்? ஆளையும் பார், இயந்திரத்தையும் பார் என்று கேட்கிறோம். இங்கேயும் அதையேதான் கேட்கிறோம்.

டேசர் எப்போதும் துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கத்தில், இடக்கையால் மட்டுமே உருவும்படி இருக்கட்டும். பாட்டரின் இடுப்பில் அப்படித்தான் இருந்தது. இருந்தும் வலக்கை வென்றது. ஆகவே, இடம் மட்டும் போதாது. துப்பாக்கியை எத்தனை முறை உருவிப் பழகுகிறார்களோ அத்தனை முறை டேசரையும் உருவிப் பழக வேண்டும். அதுவும் தினசரி அணியும் அதே பெல்ட்டோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டையும் உருவாமல் பேசி முடிக்கும் பழக்கத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டும். காலாவதியான பதிவுக்காக நிறுத்திய கார், பிணவண்டியாக மாறுவானேன்?

கை கற்றதைத்தான் செய்யும். கற்பித்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.