ஊர் மாறி வந்த குடும்பமும் நம் மஹல்லாவின் கடமையும்

கடந்த டிசம்பர் 19ஆம் தேதி தமிழகத்தின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானது. எஸ்.ஐ.ஆர். என்னும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த இந்தப் பட்டியலில், முன்பு இருந்த பெயர்களில் சுமார் 97 லட்சம் இல்லை. அவற்றில் இறந்தவர்களைவிட மிக அதிகமாக இருப்பவர்கள் 'இடம்பெயர்ந்தவர்கள்'. 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கணக்கில் நீக்கப்பட்டுள்ளனர். 2025 ஆகஸ்ட் 1 அன்று பீகாரில் வெளியான வரைவுப் பட்டியலிலும் இதே கதைதான். அங்கே விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களில் பாதிக்கு மேல், நிரந்தரமாக வேறிடம் சென்றவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்று சொல்லப்பட்டது.

இதன் அரசியலைப் பலரும் பேசிவிட்டார்கள். நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. சொந்த ஊரின் பட்டியலில் 'இல்லை' என்று எழுதப்பட்ட இந்த மனிதர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

அவர்களில் சிலர் நம் பள்ளிவாசலில் இருக்கிறார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் பகுதிகளில் ஜும்ஆ தொழுகையின் கடைசி வரிசைகளைப் பாருங்கள். சட்டையில் சிமெண்ட் தூசியோடு ஓடி வந்து நிற்கும் இளைஞர்கள் பலர் கிஷன்கஞ்ச், அராரியா, கதிஹார், முர்ஷிதாபாத், மால்டா பக்கத்தைச் சேர்ந்தவர்கள். சென்ட்ரிங், டைல்ஸ், ஹோட்டல் சமையலறை, சலூன், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவல் வேலை என்று பிழைக்க வந்தவர்கள். சலாம் கொடுத்து முடித்ததும் முதலில் வெளியேறுவதும் அவர்கள்தாம். நம்மில் எத்தனை பேருக்கு அவர்களில் ஒருவருடைய பெயராவது தெரியும்?

சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறோம். முன்பெல்லாம் தனி ஆட்களாக வந்து, ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கி, பெருநாளுக்கு ஊர் திரும்புவார்கள். இப்போது பெருநாள் தொழுகைக்குக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மனைவியும் வந்துவிட்டார், தம்பி குடும்பமும் வந்துவிட்டது. தனி ஆளுக்குக் கூலியும் படுக்க இடமும் இருந்தால் போதும். குடும்பம் வந்துவிட்டால் வீடு, ரேஷன், மருத்துவமனை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். வந்த இடத்தில் வேர் பிடிப்பதா, வாடுவதா என்பது பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் முடிவாகிறது.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒருவர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். நமக்கு உருது தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மவ்லானா சாப், என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார். டி.சி. வாங்க பீகார் போய் வருவதென்றால் பத்து நாள் கூலி போய்விடும், ரயில் செலவு வேறு. மகளுக்கு ஒன்பது வயது. அவர் வேலைக்குப் போகிறார், மனைவி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலைக்குப் போகிறார். மூன்று வயதுத் தம்பியை அந்தச் சிறுமிதான் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு வருடமாக இதே நிலை.

மறுநாள் ஜமாஅத்தின் செயலாளர் பாயை அழைத்துக்கொண்டு, அவரோடு அந்தப் பள்ளிக்குப் போனோம். சட்டத்தை எடுத்துச் சொன்னதும் தலைமை ஆசிரியர் மறுக்கவில்லை. அரை மணி நேரத்தில் சேர்க்கை முடிந்தது. ஆனால் சிறுமி இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுவிட்டாள். காரணம் தம்பி. பிறகு அவனைப் பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் அக்கா ஒழுங்காகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். பெண் பிள்ளையின் படிப்பு தடைபட்டால் முதலில் அந்த வீட்டின் சின்னக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை நாம் அன்று கற்றுக்கொண்டோம்.

சட்டம் இந்தக் குடும்பங்களின் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு. டி.சி. தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று அச்சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. படிப்பு இடையில் நின்றிருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

ஆனால் இந்த உரிமைகளைத் தமிழ் தெரியாத ஒரு சென்ட்ரிங் தொழிலாளி தலைமை ஆசிரியரின் அறையில் நின்று எப்படிக் கேட்பார்? அங்கே அவருக்குத் தேவை பணமல்ல, கூட வந்து நிற்கும் ஓர் ஆள்.

மொழி ஒரு பெரிய தடை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு இது கடினம்தான். ஆனால் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ சேரும் பிள்ளைக்கு ஒரு வருடம் போதும். அதன் பிறகு ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் அந்தப் பிள்ளைதான்.

வெகுதூரம் போக வேண்டாம். பல்லாவரத்தை அடுத்த கவுல் பஜார் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்த, பீகாரைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் மகள் 2025ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 467 மதிப்பெண் பெற்றார். தமிழில் மட்டும் 93. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் தமிழில் 93 வாங்குகிறார்கள் என்று நாமே கேட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து மாநிலமான கேரளம் இதில் ஒரு படி முன்னே சென்றது. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிகளில் அமர்த்தி, அந்த மொழியின் வழியாகவே மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். தமிழகத்திலும் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவு, மதிய உணவு, இலவசப் புத்தகம், சீருடை எல்லாம் உண்டு. எந்த மாநிலத்துப் பிள்ளை என்று பார்த்து யாரும் தட்டு வைப்பதில்லை. அதேவேளை, மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்சி போன்ற பணிகளுக்கு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், தமிழகத்துக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததால் மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. மேலே நடக்கும் இந்தச் சண்டையில் முதலில் அடிபடுவது, கூடுதல் கவனம் தேவைப்படும் இத்தகைய பிள்ளைகள்தாம்.

இனி நம் பக்கம் வருவோம். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்னையில் முஸ்லிம்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று நாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். பெயரைக் கேட்டதும் "வீடு ஆளாகிவிட்டது" என்று சொல்லும் வீட்டு உரிமையாளரை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அப்படி அவமானப்பட்ட நாமே, மாடியில் ஓர் அறை கட்டியதும் "வடக்கத்தியாளுங்களுக்கு விடுறதில்ல ஹஜ்ரத்" என்கிறோம். இன்னும் சிலர் விடுகிறார்கள், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். ஒப்பந்தம் எழுதிக் கேட்டால் கொடுப்பதில்லை. தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அந்த ஒரு காகிதம் இல்லாததால் அந்தக் குடும்பத்துக்கு முகவரிச் சான்று இல்லை. முகவரி இல்லாததால் இங்கே வாக்காளராகவும் பதிய முடிவதில்லை. அங்கே 'இடம்பெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டவர், இங்கே சேர்க்கப்படாமல் நிற்கிறார். ஒரு குடும்பம் இரண்டு மாநிலங்களிலும் இல்லாமல் போவதில் நம் மாடி அறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இது சாதாரண விஷயமல்ல. 2025 ஜூலையில் குருகிராமில் வங்காள மொழி பேசிய தொழிலாளர்கள் 'வங்கதேசத்தவர்' என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கப்பட்டதை அறிவோம். பேசும் மொழியும் பெயரும் போதும், சந்தேகத்துக்கு. தமிழகத்தில் அத்தகைய நிலை இல்லை என்பது ஆறுதல். ஆனாலும் 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது எவ்வளவு விரைவாக அச்சம் பரவியது! பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்துச் சென்றது. அக்கம்பக்கத்தில் பெயர் சொல்லி அழைக்க நான்கு பேர் இருந்தால், வதந்தி வரும் நாளில் ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடாது.

நாமும் ஒரு காலத்தில் இப்படிப் போனவர்கள்தாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்குத் தோல் வேலைக்குச் சென்ற தமிழர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். 1960களில் அங்கே தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷங்களும் எழுந்தன. ஆனால் அதே நகரத்தின் மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தியது. பிழைக்கப் போன இடத்தில் நம் பிள்ளைகளுக்கு நம் மொழியிலேயே பள்ளி கிடைத்த வரலாறு நமக்கு இருக்கிறது. இந்தச் சேலையூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் எத்தனை பேர்? விமானப் படைத் தளம், ரயில்வே, கிறிஸ்தவக் கல்லூரி, மெப்ஸ் என்று ஒவ்வொரு காலத்திலும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து தங்கியவர்களால் வளர்ந்த ஊர் இது.

நம் மஹல்லாக்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல.

முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்திலும் உருதுவோ இந்தியோ தெரிந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பள்ளிச் சேர்க்கைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் பட்டியல் எடுத்து, ஜூன் மாதம் கூடவே பள்ளிக்குச் செல்ல வேண்டும். சிக்கல் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. முஸ்லிம் குடும்பம், இந்துக் குடும்பம் என்று பார்க்கவும் கூடாது. ஒரே வரிசை வீடுகளில் இருவரும்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மாலை மக்தபில் அரை மணி நேரம் தமிழ் எழுத்துக்கு ஒதுக்கலாம். இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்கிறோம், மதரஸாவில் ஓதியவன் என்ற உரிமையோடு: மக்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகாது. "பிள்ளை ஓதிக்கொண்டுதானே இருக்கிறான்" என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கும் தந்தைக்கு அதைப் புரியவைக்கும் பொறுப்பு ஆலிம்களுடையது.

மூன்றாவது, காகிதங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஊரில் அட்டை வைத்திருப்பவர்கள் இங்கேயும் தங்கள் பங்கைப் பெறலாம். நிரந்தரமாக இங்கேயே தங்கிவிட்டவர்கள் படிவம் 8 மூலம் வாக்காளர் முகவரியை மாற்றக் கோரலாம். அங்கே பெயரே இல்லாதவர்களுக்குப் படிவம் 6.

நான்காவது, வீடு வைத்திருப்பவர்கள் எழுத்து ஒப்பந்தம் கொடுங்கள். அது தர்மம் அல்ல, வாடகை வாங்குபவரின் கடமை.

மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களையும் அவர்களை ஏற்ற அன்சாரிகளையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று கேட்டார். வந்தவர் கேட்டது வழியை மட்டும்தான். நம் கடைசி வரிசையில் நிற்பவரும் நம்மிடம் பாதிச் செல்வத்தைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்கிறார்.

ரமளானில் நாம் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை அவர் நன்றியோடு வாங்கிக்கொள்கிறார். அது ஒரு மாதம். ஜூன் மாதம் நாம் கூடப் போய் நிற்கும் அரை மணி நேரம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை. அந்தச் சிறுமி இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் தெருவில் பார்த்தபோது, தம்பியின் கையைப் பிடித்தபடி, தமிழில் சலாத்தோடு சேர்த்து "சாப்பிட்டீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

வரும் கல்வியாண்டுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசைக்குச் சென்று ஒருவரிடம் பெயர் கேளுங்கள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மற்றது அங்கிருந்து தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.