மரணச் சான்றிதழில் வராத கிருமி

கொரோனா காலத்தில் தினமும் மாலையானால் கணக்கு வாசித்தார்கள். பாதிப்பு இத்தனை, காலிப் படுக்கை இத்தனை, ஆக்சிஜன் இத்தனை டன். ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு வேறொரு கிருமி பிடித்துச் செத்தவர்களுக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. அவர்களும் கொரோனா மரணத்திலேயே சேர்ந்துபோனார்கள்.

2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நாட்டின் பத்து மருத்துவமனைகளில் சேர்ந்த பதினேழாயிரத்துக்கும் அதிகமான கொரோனா நோயாளிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆராய்ந்தது. பாக்டீரியாவோ பூஞ்சையோ கூடுதலாகத் தொற்றியவர்கள் 3.6 சதவீதம்தான். ஆனால் மொத்த நோயாளிகளில் இறப்பு 10.6 சதவீதமாக இருக்க, இவர்களிடம் அது 56.7. நோய் முற்றியவர்களுக்குத்தான் இந்தத் தொற்றும் அதிகம் வரும் என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதிகம் சிக்கியவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலும் வெண்டிலேட்டர் குழாயிலும் குடியிருப்பவை. பல மருந்துகளுக்கு அடங்காதவை.

இவை எப்படிப் பரவின? கவச உடையை எண்ணிப் பாருங்கள். அது அணிந்தவரைக் காக்கத்தான் செய்யப்பட்டது. வியர்வை வழிய ஆறு மணி நேரம் அதற்குள் நின்ற செவிலியரால் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே கையுறையைக் கழற்றிக் கை கழுவ முடியவில்லை. ஒருவரின் சளியை உறிஞ்சி எடுத்த கை, அடுத்தவரின் ஊசிக் குழாயைத் தொட்டது. ஐசியுவில் ஒருவருக்கு ஒரு செவிலியர் வேண்டிய இடத்தில், ஒருவரே ஐந்தாறு பேரைப் பார்த்தார். அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. ஆள் போடாதவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி இது. போதாததற்கு, மூச்சைக் காப்பாற்றக் கொடுத்த ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பையும் தணித்துவிட்டது.

கொரோனா ஓய்ந்தும் இந்தப் பிரச்சினை ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன கணக்கு: பணக்கார நாடுகளில் உள்நோயாளிகள் நூறு பேரில் ஏழு பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே தொற்று வருகிறது, ஏழை, நடுத்தர நாடுகளில் பதினைந்து பேருக்கு. இந்த இடைவெளியை அடைக்கப் புது மருந்து வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் குழாய், சோப்பு, போதுமான செவிலியர்கள் வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தொற்றுக் கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஐசியுவில் இருந்தால் தினமும் டாக்டரிடம் கேளுங்கள்: "உடம்பில் செருகிய இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா, சார்?" நோயாளியைத் தொட வருபவர்களை முதலில் கை கழுவச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், அதைக் கேட்பது உங்கள் உரிமை.