கேஸ் இல்லையே என்கிறார்கள்

அமெரிக்கப் பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி நம் இதழில் எதற்குத் தலையங்கம் என்று அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு தோழர்கள் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் ஆடாத ஆட்டம், நம்மில் பலர் பார்த்தேயிராத ஆட்டம். ஆனால் அந்த ஆட்டத்தின் ரசிகர்கள் 2021-லிருந்து தங்களுக்குள் போட்ட சண்டையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அவர்மேல் கேஸே இல்லையே, அப்புறம் எதுக்குத் தண்டனை? இதைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்துபோக நம்மால் முடியுமா? ராத்திரி முழுக்க போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டு, மனுவைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை இந்தக் கேள்விக்குள் கிடக்கிறது. பொய்க் கேஸில் உள்ளே போய் வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களின் கதையும் இதற்குள்ளேதான் கிடக்கிறது. இரண்டையும் தெரிந்தவர்கள் என்கிற ஒரே தகுதியில்தான் இந்தப் பேச்சில் நாம் வாய் திறக்கிறோம்.

ஆள் டெஷான் வாட்சன். ஜார்ஜியா மாநிலத்துக் கெய்ன்ஸ்வில்லில் வறுமையில் வளர்ந்த கறுப்பினப் பையன். 2006-இல் அவருடைய அம்மாவுக்குச் சொந்தமென்று ஒரு வீடு கிடைத்ததே வாரிக் டன் என்கிற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரர் நடத்திய உதவித் திட்டத்தால்தான். அந்தப் பையன் 2017-இல் என்.எஃப்.எல். என்கிற பெரிய லீக்குக்குள், ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். குவார்ட்டர்பேக். அதாவது பந்தை எறிகிறவர், மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவர். 2020 பருவத்தில் லீக்கிலேயே அதிக தூரத்துக்குப் பந்தெறிந்து கணக்கு வைத்தவர் அவர்தான்.

2021 மார்ச்சில் முதல் வழக்கு வந்தது. உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிற ஒரு பெண் போட்ட சிவில் வழக்கு. பிறகு வரிசையாக வந்து 22 ஆனது. 2022 ஜூனில் 24. புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி மசாஜுக்கு ஏற்பாடு செய்துகொண்டார், வேலை நடக்கும்போது தன்னைக் காட்டினார், வேண்டுமென்றே உறுப்பால் தொட்டார், அதற்கும் மேலே கேட்டார் என்று. வாட்சன் அத்தனையையும் மறுத்தார். யாரையும் பலவந்தப்படுத்தியதில்லை என்று அவர் சொன்னது பிறகும் மாறவில்லை. 17 மாதத்தில் குறைந்தது 66 பெண்களிடம் அவர் மசாஜுக்கு ஏற்பாடு செய்திருந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2022 ஜூனில் எழுதியது.

2022 மார்ச் 11-இல் ஹாரிஸ் கவுண்டி கிராண்ட் ஜூரி ஒன்பது புகார்களைப் பார்த்துவிட்டு குற்றச்சாட்டுப் பதிய மறுத்தது. அதே மாதம் 24-இல் பிரசோரியா கவுண்டியில் இன்னொரு புகார்; அங்கேயும் அதே பதில். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் 18-ஆம் தேதி கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி அவரை வாங்கியது. ஐந்து வருஷம், 23 கோடி டாலர், ஒரு சென்ட் குறையாமல் உத்தரவாதம். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் அப்படி ஓர் உத்தரவாதம் கிடைத்ததில்லை. இரண்டாவது ஜூரி என்ன சொல்லும் என்று பார்க்கக்கூட முதலாளிகள் காத்திருக்கவில்லை.

கிராண்ட் ஜூரி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மூடிய அறை. உள்ளே நீதிபதி உட்கார்ந்து நடத்துவதில்லை. எதை முன்வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் அரசு வழக்கறிஞர்தான் தீர்மானிக்கிறார். ஜூரிகள் பதியலாம் என்பார்கள், வேண்டாம் என்பார்கள். ஏன் என்று காரணம் எழுதித் தருவதில்லை. ஒருவரைக் குற்றமற்றவர் என்று அறிவிக்கும் அதிகாரமே அந்த அறைக்குக் கிடையாது. ஆனால் ரசிகன் அதைத்தான் கையில் சர்டிபிகேட்டாக வைத்துக்கொண்டு ஆடுகிறான்.

கறுப்பின மக்களின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. வாட்சனை ஆதரித்தவர்களில் ஒரு சாரார் சொன்னதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மேலே வந்த கறுப்பனைக் கீழே இழுக்கப் பொம்பளைப் பழி ஒன்று போதும் என்றார்கள் அவர்கள். பொய்யா அது? 1931-இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள்மேல் பாலியல் வன்முறைப் பழி போட்டு, எட்டுப் பேருக்குச் சில நாட்களிலேயே மரணதண்டனை எழுதினார்கள். பழி சொன்ன இரு வெள்ளைப் பெண்களில் ஒருவர் பிறகு தன் வாக்குமூலத்தையே மாற்றிச் சொன்னார். 1955-இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மட் டில்லைக் கொன்றவர்களுக்கு வெள்ளை ஜூரி விடுதலை கொடுத்தது. இந்த நினைவோடு இருக்கிற ஒரு சமூகம், புகார் என்றதும் கையைத் தூக்கிச் சரி என்றுவிடாது. விடவும் கூடாது.

ஆனால் அதே அலபாமாவில் 1944-இல் ரீசி டெய்லர் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண், தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கியைக் காட்டிக் கடத்திப்போய்ச் சீரழித்தார்கள். அந்த வழக்கு இரண்டு கிராண்ட் ஜூரிகளுக்குப் போனது. இரண்டும் பதிய மறுத்தன. கேஸ் இல்லை! அந்தப் புகாரை விசாரிக்க ஊருக்குள் போனவர் பெயர் ரோசா பார்க்ஸ். பேருந்தில் எழுந்திருக்க மறுத்ததற்குப் பத்து வருஷம் முன்னால் அவர் செய்துகொண்டிருந்த வேலை இது. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்க 2011 வரை ஆனது. ஸ்காட்ஸ்பரோவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ரீசி டெய்லரை மறந்துபோகிறவர்கள், அடிபட்ட ஜனத்தில் ஆண்களை மட்டும்தான் ஜனமாக எண்ணுகிறார்கள். நம்ம பக்கத்திலும் இப்படி எண்ணுகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதைத் தனியாகப் பேசலாம், ஓடிவிடப் போவதில்லை.

இன்னொரு பேச்சு, காசு. 24 வழக்குகளில் 23 சமரசத்தில் முடிந்தன. டெக்சன்ஸ் அணியும் 2022 ஜூலையில் 30 பெண்களோடு தனியாகச் சமரசம் செய்துகொண்டது. 'பாத்தியா, காசுக்குத்தான் வந்திருக்காளுக' என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள். சிவில் வழக்கில் நீதிமன்றம் தரக்கூடியதே பணம்தானே ஐயா. கிரிமினல் வழக்கைக் கதவை மூடிவிட்டு, இருக்கிற ஒரே ஜன்னலில் கை நீட்டினவளைப் பார்த்துப் பிச்சைக்காரி என்பது என்ன நியாயம்? வாங்கினவள் காசுக்காரி என்றால் கொடுத்தவர் யார்? ஒரு கிளப் நிர்வாகமே 30 பேருக்குக் கொடுக்கிறதே, அதற்குப் பெயர் என்ன? பஞ்சாயத்தில் சமாதானமாகப் போகச்சொல்லி, போனபிறகு 'அவனுங்க காசு வாங்கிட்டானுங்க' என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

காசுப் பேச்சுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. டெக்சாஸில் மசாஜ் என்பது அரசு உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி வந்த கேலிகளில் பாதி, அந்த வேலைக்குப் போகிறவளே அப்படித்தான் என்கிற ரகம். அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலையை இழிவாக்கிவிட்டால், அந்த வேலை செய்கிறவள் உடம்பை யாரும் தொடலாம் என்றாகிவிடுகிறது. சிரைத்தவர்களையும் வெளுத்தவர்களையும் பிள்ளை பெற்றெடுக்க வைத்த மருத்துவச்சிகளையும் இந்த மண் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டது என்று நமக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு லீக் கிடையாது, ஆட்டக்காரர் சங்கம் கிடையாது. ரசிகர் கிடையவே கிடையாது.

இப்போது தண்டனைக்கு வருவோம். நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிற நேரம் போக மீதி நேரம் லெட்ஜரும் யூனியனும்தான். இந்த விஷயத்தில் எங்களுக்கு ஒரு பாடம் தெரியும். துறை விசாரணை வேறு, கிரிமினல் வழக்கு வேறு. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கோர்ட்டில் விடுதலையானவர் வேலையை இழக்கலாம், போலீஸே வராத விஷயத்தில் இன்கிரிமெண்ட் வெட்டலாம். குற்றப்பத்திரிகைக்குப் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கும் கடைநிலை ஊழியருக்கு இருக்கிற இந்த விதி, 23 கோடி டாலர் ஊழியருக்கு மட்டும் இருக்கக்கூடாதாம். லீக் செய்தது ஜெயிலில் போடுகிற வேலை அல்ல. வேலை கொடுக்கிறவன் நடத்துகிற விசாரணை. கேஸ் இல்லையே என்பது அதற்குப் பதிலே ஆகாது.

அந்த விசாரணையை நடத்தியவர் சூ ராபின்சன், ஓய்வுபெற்ற ஃபெடரல் நீதிபதி. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து நியமித்தவர். 2022 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்பு எழுதினார். லீக் தன் முன்னால் வைத்த நான்கு பெண்களின் புகார்களை அவர் நம்பினார். லீக்கின் விதி சொல்லும் அர்த்தத்தில் பாலியல் அத்துமீறல் நிரூபிக்கப்பட்டது என்றார். லீக் இதுவரை பார்த்தவற்றிலேயே மோசமான நடத்தை இது என்றும் எழுதினார். எழுதிவிட்டு ஆறு ஆட்டம் தடை கொடுத்தார். 17 ஆட்டம் கொண்ட பருவத்தில் ஆறு. இனி கிளப் அனுமதித்த ஆட்களிடம் மட்டும்தான் மசாஜ் செய்துகொள்ளலாம் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

ஏன் ஆறு? இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த இடம். முன்பு இந்த மாதிரி விஷயங்களில் லீக் குறைவாகத்தான் தண்டித்திருக்கிறது, திடீரென்று முன்னறிவிப்பில்லாமல் அளவை ஏற்றுவது நியாயமாகாது என்பது அவர் சொன்ன காரணம். யூனியன்காரனாக எனக்கு இந்த வாதம் பழக்கமானது. நானே மேனேஜ்மெண்டுக்கு எதிராக இதைப் பேசுவேன். போன வருஷம் ஒருத்தருக்குக் கண்டிப்புக் கடிதம், இந்த வருஷம் அதே தவறுக்கு இன்னொருத்தருக்கு டிஸ்மிஸ் என்றால் விட்டுவிடுவோமா? ஆனால் இங்கே நிற்கிற முன்மாதிரிகள் எப்படி வந்தவை என்று பாருங்கள். 2010-இல் பிட்ஸ்பர்க்கின் பென் ராத்லிஸ்பெர்கர் மேல் புகார் வந்தது. அவரும் குவார்ட்டர்பேக், வெள்ளையர். அரசு வழக்கறிஞர் குற்றம் பதியவில்லை. லீக் ஆறு ஆட்டம் என்றது, பிறகு நான்காகக் குறைத்தது. 2014-இல் ரே ரைஸ், லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து மயக்கமாக்கியதற்கு முதலில் கொடுத்தது இரண்டே ஆட்டம். அடித்த காட்சி வெளியே வந்து ஊர் நாறிய பிறகுதான் லீக்குக்குக் கோபம் வந்தது. இப்படி இளகிய கையால் எழுதப்பட்ட கணக்கே வழக்கமாகி, வழக்கமே சட்டமாகி, அடுத்து வருகிறவனுக்குக் கவசமாகிவிடுகிறது. வழக்கம் என்ற சொல்லை நம் ஜனங்கள் எந்தெந்த வாய்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள்! இதில் எளிய பதில் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் தண்டிக்கக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த அறிவிப்பைக் கொடுக்காமல் வருஷக் கணக்கில் வைத்திருந்தவர்கள் முதலாளிகள். அவர்கள் சோம்பலுக்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள்.

ரசிகர்கள் பிடித்துக்கொண்டது எண்ணை. ஆறா, எட்டா, முழுப் பருவமா? அதே வருஷம் மார்ச்சில் கால்வின் ரிட்லி என்ற ஆட்டக்காரர் 1,500 டாலர் பந்தயம் கட்டியதற்கு லீக் குறைந்தது ஒரு முழுப் பருவம் தடை போட்டிருந்தது. பந்தயத்துக்கு 17, பெண்ணுக்கு ஆறா என்று கேட்டவர்கள் கேட்டது சரிதான். லீக் மேல்முறையீடு போனது. ஆகஸ்ட் 18-இல் சமரசம்: 11 ஆட்டம், 50 லட்சம் டாலர் அபராதம், கட்டாய சிகிச்சை. பிரௌன்ஸ் முதலாளிகளின் சாமர்த்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தடை வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்த முதல் வருஷத்துக்கு அடிப்படைச் சம்பளத்தை வெறும் 10 லட்சத்து 35 ஆயிரம் டாலராக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். ஆடாத ஆட்டத்துக்கு அந்தச் சம்பளத்தில்தான் வெட்டு. பேரேடு எழுதுகிற எனக்கே கை தட்டத் தோன்றியது.

ரசிகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பயிற்சி முகாமில் அவர் பெயர் போட்ட சட்டையோடு கையெழுத்துக்கு நின்றவர்கள் உண்டு. அதே கிளீவ்லாந்தில், அவரை வாங்கிய செய்தி வந்ததும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் அந்த ஊர் மையத்துக்கு 22 டாலர் 22 டாலராகப் பணம் அனுப்பியவர்களும் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு டாலர் கணக்கு. பல வருஷமாக நேசித்த அணியை விடமுடியாமல், அதை வைத்திருக்கவும் முடியாமல் திண்டாடியவர்களின் கணக்கு அது. நான் மதிக்கிறேன்.

பிறகு 2024 அக்டோபர் 20. கிளீவ்லாந்து மைதானத்தில் வாட்சன் குதிகால் நரம்பு அறுந்து கீழே கிடந்தார். கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. கூட ஆடியவர்களே வெட்கப்பட்டு அதைக் கண்டித்தார்கள். அந்த ஆரவாரம் பெண்களுக்காக எழுந்தது என்று நான் நம்பவில்லை. அதற்குள் அவர் மோசமாக ஆட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நன்றாக ஆடி ஜெயித்துக் கொடுத்திருந்தால் 24 வழக்கும் ஒருவருக்கும் நினைவிருந்திருக்காது.

ஆட்டக்காரர் சங்கம் வாட்சனுக்காக வைத்த ஒரு வாதத்தை மட்டும் நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். லீக்கின் நடத்தை விதி, முதலாளிகளுக்கு ஆட்டக்காரர்களைவிட உயர்ந்த அளவுகோல் என்று எழுதி வைத்திருக்கிறது. நியூ இங்கிலாந்து அணி முதலாளி ராபர்ட் கிராஃப்ட் மேல் 2019-இல் ஃபுளோரிடாவில் ஒரு மசாஜ் நிலைய விவகாரத்தில் போலீஸ் கேஸே போட்டது. 2020-இல் அது கைவிடப்பட்டது. லீக் அவருக்கு எத்தனை ஆட்டம் தடை கொடுத்தது? ஒன்றும் இல்லை. 2016-இல் தேசியகீதம் பாடும்போது மண்டியிட்ட காலின் கேப்பர்நிக்கை அந்தப் பருவத்துக்குப் பிறகு ஓர் அணியும் எடுக்கவில்லை, அவர்மேலும் எந்தக் கேஸும் இல்லை. சங்கம் வாட்சனைக் காப்பாற்றுவதற்காக இதைக் கேட்டது என்பது தெரிந்ததே. கேள்வி அதனால் தப்பாகிவிடாது. வாட்சனுக்கு 11 ஆட்டம் போதாது என்று எழுதுகிற அதே பேனாவால் கிராஃப்டுக்கு எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

இந்த இதழில் இதற்கு எதிராக எழுத விரும்பும் தோழர்களுக்கு, குறிப்பாகப் பெண் தோழர்களுக்கு, அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கையெழுத்துப் பிரதி மாதம் பத்தாம் தேதிக்குள் வந்தால் கோர்க்க வசதியாக இருக்கும்.