கைதட்டல் விடுதலை தருமா?



2021 நவம்பர் 30ல், பிரான்ஸ் தேசத்தின் பெரியோர்களைக் கௌரவிக்கும் பாரிஸ் பாந்தியன் மண்டபத்தில் ஜோசபின் பேக்கருக்கு இடம் அளிக்கப்பட்டது. அந்த மரியாதை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். இத்தகைய வாழ்க்கையைக் காட்டி முதலாளித்துவப் பண்டிதர்கள் ஒரு பல்லவி பாடுவார்கள்: "திறமை இருந்தால் குடிசையில் பிறந்தவரும் கோபுரம் ஏறலாம். சங்கம் ஏன்? போராட்டம் ஏன்?"

அந்த அம்மையாரின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்கிறது.

1906ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்குப் பிறந்தவர் ஜோசபின். எட்டு வயதிலேயே வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரி! 1917ல், ஆற்றின் அக்கரையிலுள்ள கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பர் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஆலை முதலாளிகள் வேலைநிறுத்தத்தை உடைக்கக் கறுப்புத் தொழிலாளரைப் பயன்படுத்தினார்கள். வெள்ளைத் தொழிலாளரின் கோபம் முதலாளி மீது பாயவில்லை. தன்னைப் போன்ற ஏழை மீது பாய்ந்தது. சர்க்கார் கணக்கிலேயே 39 கறுப்பர் மாண்டனர். லாபம் யாருக்கு? முதலாளிக்கு!

1925ல் ஜோசபின் பாரிஸ் சென்றார். திறமைக்குச் சொந்த நாட்டில் இடமிருந்தால் கடல் கடப்பானேன்? பாரிஸ் கைதட்டியது, உண்மை. ஆனால் எப்படி? வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடும் "காட்டுப் பெண்"ணாக அவரை ரசித்தது. அதே பிரெஞ்சு ஏகாதிபத்தியம் ஆப்பிரிக்காவையும் இந்தோ-சீனாவையும் அடிமைப்படுத்தியிருந்தது. 1936 ஜூலை 30ல் புதுச்சேரியில் உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே ஏகாதிபத்தியமே!

பாசிஸ்டுகள் பிரான்சை ஆக்கிரமித்தபோது ஜோசபின் பதுங்கிவிடவில்லை. இசைத்தாள்களில் மறைமையால் எழுதிய ரகசியச் செய்திகளைக் கடத்தினார். போர்ப் பதக்கமும் பெற்றார்.

அந்தப் பதக்கத்துக்கு அமெரிக்கா என்ன மதிப்புக் கொடுத்தது? 1951ல், கறுப்பரைப் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் ஆடமாட்டேன் என்றார். மயாமி நகர விடுதி பணிந்து கதவைத் திறந்தது. அதே ஆண்டு நியூயார்க்கின் ஒரு பணக்கார விடுதியில், கேட்ட உணவு வராமல் காக்க வைக்கப்பட்டார். அதைக் கண்டித்ததும் ஒரு பத்திரிகைப் புலி அவருக்குக் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தியது. அமெரிக்க உளவுப் போலீசும் அவரைக் கண்காணித்தது. அவர் கம்யூனிஸ்ட் அல்ல. டி கால் ஆதரவாளர். சம மரியாதை கேட்டதே அவர் செய்த குற்றம்!

1963 ஆகஸ்ட் 28ல் வாஷிங்டனில் வேலைக்கும் சுதந்திரத்துக்குமாக இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். ஜோசபின் போர்ச் சீருடையில் நின்று பேசினார். மறு ஆண்டே, விடுதிகளிலும் அரங்குகளிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. முப்பதாண்டுக் கைதட்டல் திறக்காத கதவைத் திரண்ட மக்கள் திறந்தார்கள்.

கோபுரம் ஏறியவர் கதி? பல இனங்களைச் சேர்ந்த 12 குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த மாளிகை கடனில் மூழ்கியது. 1969ல் வெளியேற்றப்பட்டார். வயிற்றுப்பாட்டுக்காக மீண்டும் மேடையேறி, 1975ல், 68ஆம் வயதில், பாரிஸில் காலமானார்.

ஒருவர் ஏணி ஏறுவது விடுதலை ஆகாது. நிறத்தாலும் சாதியாலும் மதத்தாலும் நம்மைப் பிரிப்பவன் யாருக்காகப் பிரிக்கிறான் என்று கேளுங்கள். கிழக்கு செயின்ட் லூயிஸின் சாம்பல் போதிக்கும் பாடம் அதுதான். பாட்டாளிகளே, ஒன்றுபடுங்கள்!